மண் காய்வதற்குள்

நினிவேயின் வடக்கு மதில்மேல் நின்று
வானம் பார்த்துச் சொல்வது என் வேலை.
கூலி மாதம் இரண்டு மூட்டை வாற்கோதுமை,
வருடத்துக்கு ஒரு கம்பளிப் போர்வை.
பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவேன்:
பார்த்தோம். மேகம். ஒன்றும் தெரியவில்லை.

அன்றைக்கும் மேகம்தான்.
ஆனாலும் உச்சிவேளையில் கோழிகள் அடையப் போயின.
மேகத்தின் மெலிவில் தெரிந்த வெய்யோனின் விளிம்பில்
எலி கடித்த ரொட்டி போல ஒரு குறை,
பிறகு பாதி,
பிறகு கரி பிடித்த தட்டு.

திசைக்கொரு நாடு என்பது எங்கள் கணக்கு.
வலப்புறம் இருண்டால் அக்காதுக்கு ஆகாது,
இடப்புறம் ஏலாமுக்கு,
மேற்புறம் மேற்கத்தியாருக்கு.
நிழல் கீழிருந்து ஏறியது.
கீழே என்றால் நாங்கள்.

அந்த இருட்டில் வியாழன் தென்பட்டால் மன்னனுக்குக் கண்டமில்லை.
இல்லாவிட்டால் நூறு நாளுக்குள் அரியணை காலி.
தலைமைக் கணியர் நபு-ஷெசிப்
முற்றத்திலிருந்து கத்தினார்: வியாழன்?
மேகம், என்றேன்.
அவர் ஈரமண் பலகையில் குத்தத் தொடங்கினார்.
எங்கள் எழுத்து ஆப்பு வடிவம்.
யாருக்கு வைத்தார் என்று அப்போது தெரியாது.

அதற்கப்புறம்தான் மேகம் கிழிந்தது,
ஓர் இமைப்பொழுது.
உப்புக்கல் அளவு வெள்ளை.
வியாழனா வெள்ளியா என்று
இரண்டு நாழிகை எனக்குள் வழக்காடிவிட்டு
வியாழனேதான் என்று படியிறங்கி ஓடினேன்.
பலகை வெயிலில் இருந்தது.
வெயில் திரும்பி வந்து
மண்ணைக் காயவைத்திருந்தது.

காய்ந்ததைத் திருத்த முடியாது,
உடைக்கத்தான் முடியும், என்றார் நபு-ஷெசிப்.
எதை என்று சொல்லவில்லை.
என் கழுத்தைப் பார்த்தார்.

வாய்க்கால் கரையில் வெள்ளரி போட்டிருந்தவனைப்
பிடித்துவந்து முடி சூட்டினார்கள்.
பெயர் உபாரு.
எங்கள் மொழியில் அதற்கு வந்தவன் என்று பொருள்.
பக்கத்தில் ஒரு பெண்ணை உட்காரவைத்து
அரசி என்றார்கள்.
தீக்குறிகள் அத்தனையும் எழுதி
அவன் ஆடை விளிம்பில் முடிந்தவன் நான்.

உண்மை மன்னன் நாணல் குடிசைக்குள் ஒளிந்தான்.
கடிதங்களில் அவனை
உழவர் பெருமானே என்று விளித்தோம்.
உழவனை மன்னா என்றோம்.
கதிரவனை ஏமாற்ற இது போதும் என்றன ஏடுகள்.

முதல் வாரம் உபாரு வறுத்த வாத்தும் சிரிப்புமாக இருந்தான்.
பிறகு ஒரு மாலை என்னைக் கூப்பிட்டான்.
ஷமாஷ் எல்லாம் பார்க்கிறவன் என்கிறீர்களே,
நீதிக்கும் அவன்தானே தெய்வம்,
தினம் ரம்பக் கத்தியால் மலையை அறுத்து
வெளியே வருகிறவன்
என் கையிலிருக்கும் மண்வெட்டிக் காய்ப்பைப்
பார்க்கமாட்டானா?

கையை மூடிக்கொள்ளுங்கள் மன்னா, என்றேன்.

ஒரே ஒரு கட்டளை இட்டான் ஆட்சிக்காலம் முழுவதும்:
மேல்மடைக்காரன் முறைத்தண்ணீர் விடுவதில்லை,
மூன்றாம் நாள் எங்களுடையது,
திறந்துவிடச் சொல்.
எழுத்தர்கள் பணிவாகத் தலையசைத்தார்கள்.
ஒருவரும் எழுதவில்லை.

தொண்ணூற்றிரண்டாம் நாள் தன் ஊழுக்குப் போனான்.
ஏட்டில் அப்படித்தான் எழுதுவோம்.
அந்தப் பெண்ணும் போனாள்.
அவள் பெயரை யாரும் கேட்டதில்லை,
நானும்தான்.
அரியணையை எரித்தார்கள், செங்கோலை எரித்தார்கள்.
மன்னன் குளித்துவிட்டு வந்தான்.

இன்று காலை ஷமாஷ்
கீழ்மலையை அறுத்துக்கொண்டு முழுசாக வந்தான்,
கத்தியில் கறை ஏதுமில்லாமல்.
நான் மதிலுக்குப் போகவில்லை.
வாய்க்கால் கரையில் பாதி கொடி கருகிக் கிடந்தது.
மேல்மடைப் பலகையை இழுத்தேன்,
அசையவில்லை.
தோளைக் கொடுத்து நெம்பினேன்.
முதலில் நுரை,
ஒரு செத்த தவளை,
அப்புறம் தண்ணீர்.

உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.
விரித்து மேலே காட்டினேன்.
மேகமில்லை.